பதினாறு பே தங்கம் தனிமமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி வேதியியல். தேர்வு நெருங்குகிறது போல. எல்லாருக்கும் ஒரே தொல்லை: வகுப்பில் பர்மியச் சொல், புத்தகத்தில் பக்கத்திலேயே ஆங்கிலச் சொல், வீட்டில் அப்பாவோ கோயில் வகுப்பு ஆசிரியரோ சொல்லித் தருவது தமிழ்ச் சொல், மூன்றும் சேர்ந்து தலைக்குள் மொகிங்கா, அதாவது மீன் குழம்பு நூடுல்ஸ், ஆகிவிடுகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். உங்கள் ஊர் பெயர் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (தட்டோன், மாணவி): சயாமா, தனிமம், சேர்மம், கலவை மூன்றுக்கும் வரையறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு பொருளைக் காட்டி இது எது என்றால் திணறுகிறேன். தங்கம் தனிமம் என்கிறது புத்தகம். அம்மாவின் சங்கிலி பதினைந்து பே தங்கம். அப்படியானால் அது என்ன?

பதில்: அம்மாவின் சங்கிலி கலவை. இதைப் போய் அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள், கலப்படம் என்று நினைத்து நகைக்கடைக்குச் சண்டைக்குக் கிளம்பிவிடுவார். சுத்தத் தங்கம் மிகவும் மெத்து, தினமும் போடுகிற நகைக்கு லாயக்கில்லை, அதனால் செம்போ வெள்ளியோ சேர்க்கிறார்கள்.

நம் கடைகளில் பதினாறு பே என்றால் சுத்தத் தங்கம், இந்தியாவிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் 24 காரட் என்கிறார்களே அது. ஒரு பே குறைத்து அந்த இடத்தில் வேறு உலோகம் சேர்த்தால் பதினைந்து பே, அதாவது நூற்றுக்கு 93.75 பங்கு தங்கம். இன்னும் ஒரு பே குறைத்தால் பதினாலு பே, அப்புறம் பதின்மூன்று பே, தட்டார் மனம் போல இறங்கிக்கொண்டே போகலாம். இந்த ‘மனம் போல’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலவையில் எது எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம். சேர்மத்தில் அந்தச் சுதந்திரம் நமக்குக் கிடையாது. ஐராவதியில் மொண்ட தண்ணீரானாலும் உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரானாலும், மண்ணையும் உப்பையும் நீக்கிச் சுத்தமாக்கிவிட்டால் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்ஸிஜன்தான். பதினாலு பே தண்ணீர், பதினைந்து பே தண்ணீர் என்று எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. கலவையில் சேர்ந்தவை தங்கள் குணத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பதில்லை. சங்கிலியில் தங்கம் தங்கமாகவே பளபளக்கிறது, செம்பு கூடினால் கொஞ்சம் சிவப்படிக்கிறது, அவ்வளவுதான். சேர்மத்தில் பழைய ஆட்கள் அடையாளமே தெரியாமல் போய்விடுவார்கள். சோடியம் தண்ணீரில் போட்டால் சீறி எரிகிற உலோகம், குளோரின் மூச்சை அடைக்கிற விஷவாயு, இரண்டும் கூடினால் சாப்பாட்டு உப்பு.

பர்மியச் சொற்களையும் பயப்படாமல் பாருங்கள், தமிழ்ச் சொற்களைவிட அவை சில இடங்களில் நன்றாகவே விளக்குகின்றன. தனிமத்துக்கு ட்யசின், சேர்மத்துக்கு ட்யபவுங், கலவைக்கு ட்யஹ்னோ. முன்னால் வருகிற ‘ட்ய’ வேறொன்றுமில்லை, நம் ‘திரவியம்’தான், வடமொழியிலிருந்து இங்கேயும் வந்து குடியேறிவிட்டது. பவுங் என்றால் கூடிச் சேர்வது, ஹ்னோ என்றால் கலப்பது. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் நான் பள்ளித் தேர்வில் பித்தளையைச் சேர்மம் என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். வீட்டில் தினமும் விளக்கு துலக்கியவள் நான்தான். செம்பும் துத்தநாகமும் எந்த அளவிலும் கலக்கலாம் என்று யாராவது அன்றைக்கு அந்தக் குத்துவிளக்கைக் காட்டிச் சொல்லியிருக்கலாம்.

கேள்வி (மாண்டலே, கல் வியாபாரத்தில் இருக்கும் வாசகர்): கெம்பும் நீலக்கல்லும் ஒன்றேதான் என்று என் மகள் பாடம் படித்துவிட்டு வந்து சொல்கிறாள். முப்பது வருடமாகக் கல் பார்க்கிறேன், என்னிடமே சொல்கிறாள். உண்மையா?

பதில்: உண்மைதான் அண்ணாச்சி, மகளைத் திட்டாதீர்கள். இரண்டுமே அலுமினியம் ஆக்ஸைடு. இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஆக்ஸிஜன் அணு என்று அடுக்கப்பட்ட படிகம், கனிமப் பெயர் கொரண்டம். முழுச் சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அடுக்கில் அங்கங்கே அலுமினியத்தின் இடத்தில் குரோமியம் வந்து உட்கார்ந்துவிட்டால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து உட்கார்ந்தால் நீலம். அந்தக் குரோமியமும் நூற்றுக்கு ஒன்று என்கிற கணக்கில்தான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. ஒரு சிட்டிகை அழுக்குக்குத்தான் அத்தனை விலை! மோகோக் சுரங்கத்துக் கெம்பில் இரும்பு குறைவாக இருப்பதால் வெயிலில் அது தணல் மாதிரி உள்ளேயிருந்து சிவந்து ஒளிர்கிறது. இரும்பு அதிகமானால் அந்த ஒளிர்வு மங்கிவிடும். நீங்கள் கண்ணாலேயே பிரித்துப் பார்ப்பதற்கு மகளின் புத்தகத்தில் இருக்கிற காரணம் இதுதான்.

உங்கள் வீட்டு அலுமினியச் சட்டியின் மேல் படிந்திருக்கிற மெல்லிய தோலும் அலுமினியம் ஆக்ஸைடுதான், ஆனால் அங்கே அணுக்கள் ஒழுங்காக அடுக்கி நிற்பதில்லை. அதனால் சட்டியை மோதிரத்தில் பதிக்க முடியாது.

மோகோக்கிலேயே கிடைக்கிற சிவப்பு ஸ்பினெல் வேறு சேர்மம், அதில் மக்னீசியமும் உண்டு. பார்வைக்குக் கெம்பு மாதிரியே இருந்து ராஜாக்களையே ஏமாற்றியிருக்கிறது. பிரிட்டிஷ் முடியில் ‘கறுப்பு இளவரசரின் ரூபி’ என்று பெயர் வாங்கிய பெரிய கல் ஸ்பினெல்தான். செயற்கைக் கெம்பு விஷயமோ இதற்கு நேர்மாறு. 1902-இல் வெர்னூய் என்கிற பிரெஞ்சுக்காரர் அறிவித்த முறையில் தீச்சுடரில் உருக்கிச் செய்கிற கல் வேதியியல்படி அசல் கெம்பேதான், அதே சேர்மம், அதே குரோமியம். விலைதான் வேறு.

கேள்வி (தவாய்): சோடியத்துக்கு ஏன் ‘என்.ஏ.’, டங்ஸ்டனுக்கு ஏன் ‘டபிள்யூ’? யார் வைத்த குறும்பு இது?

பதில்: பழைய பெயர்களின் எச்சம். சோடியம் லத்தீனில் நேட்ரியம், இரும்பு ஃபெர்ரம், ஈயம் பிளம்பம், வெள்ளீயம் ஸ்டான்னம். டங்ஸ்டனுக்கு ஜெர்மன்காரர்கள் சொல்வது வோல்ஃப்ராம். நீங்கள் தவாயில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் தோண்டி எடுத்ததற்கே உல்ஃப்ராம் என்றுதான் பெயர், கயா மாநிலத்து மாவ்ச்சியிலும் அதேதான். ஊர்ப் பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பாடம் தானாக மனதில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (முதோன், ரப்பர் தோட்டக்காரர் மகன்): சயாமா, ஃபார்மிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம் என்று வகுப்பில் எழுதினோம். அதே வாரம் எங்கள் கொட்டகையில் அண்ணன் கையில் அது தெறித்துத் தோல் வெந்துவிட்டது. வலிமை குறைந்தது இப்படிச் சுடுமா? புத்தகம் தப்பா?

பதில்: அண்ணன் கை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் தம்பி. அடுத்த முறைக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: தெறித்தவுடன் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். அமிலத்துக்கு மாற்று காரம்தானே என்று புத்திசாலித்தனமாகச் சுண்ணாம்பையோ சோடா உப்பையோ அள்ளிப் பூசக் கூடாது, அமிலமும் காரமும் சேர்கிற இடத்தில் சூடு கிளம்பும், வெந்தது இன்னும் வேகும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து உடனே டாக்டரிடம்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். அது தப்பில்லை. வலிமை வேறு, செறிவு வேறு, இந்த இரண்டையும் குழப்பாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊசி மிளகாயும் குடமிளகாயும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி மிளகாய் பிறவியிலேயே உறைப்பு, ஒரு அண்டா குழம்பில் ஒன்றே ஒன்று போட்டாலும் அதன் குணம் மாறாது, குழம்புதான் உறைக்காது. எத்தனை போட்டீர்கள் என்பது செறிவு, மிளகாயின் பிறவிக் குணம் வலிமை.

அமிலத்தின் பிறவிக் குணம் என்னவென்றால், தண்ணீரில் போட்டதும் தன் ஹைட்ரஜனை அயனியாக, அதாவது மின்சுமை ஏறிய அணுவாக, கழற்றிக் கொடுக்கிற தாராளம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊதாரி, அதன் மூலக்கூறுகள் அநேகமாக எல்லாமே பிரிந்துவிடும். ஃபார்மிக் அமிலம் கஞ்சன், லிட்டருக்கு 0.1 மோல் என்ற அளவில் (மோல் என்றால் என்ன என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) கரைத்தால் நூறு மூலக்கூறில் நாலு பிரிந்தால் அதிகம், மீதித் தொண்ணூற்றாறும் முழுசாகவே உட்கார்ந்திருக்கும். இதனால்தான் ‘வலிமை குறைந்த’ என்று எழுதினீர்கள். ஆனால் கொட்டகையில் கேனில் வந்து இறங்குகிறதே, அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அமிலம், தண்ணீர் பேருக்குத்தான். அவ்வளவு செறிவில் கஞ்சத்தனம் ஒன்றும் உங்களைக் காப்பாற்றாது. பிரியாத மூலக்கூறும் தோலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும்.

என் பெரியப்பாவுக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருந்தது. விடுமுறைக்குப் போனால் விடியற்காலையில் பால் வெட்டிவிட்டு வருகிறவர்களுக்குப் பின்னாலேயே நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு திரிவேன். பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தட்டில் ஊற்றுவார்கள். அமிலத்தைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கொஞ்சமாக விட்டு நன்றாக நீர்க்கச் செய்து, அதைத்தான் பாலில் கலப்பார்கள். ஒரு நாள் அவசரத்தில் ஒருவர் கேனிலிருந்து நேராகத் தட்டில் சாய்த்துவிட்டார். விழுந்த இடத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு கட்டி, சுற்றிலும் இன்னும் பால். அந்தத் தட்டு வீண். பெரியப்பா கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, காரணம் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பாலில் மிதக்கிற ரப்பர் துளிகள் ஒவ்வொன்றின் மேலும் புரதத் தோல் இருக்கிறது, அதில் எதிர்மின்சுமை, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி நேர்மின்சுமை, அது போய்ச் சேர்ந்ததும் தள்ளுவது நின்று துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. இது தட்டு முழுவதும் ஒரே சீராக நடந்தால்தான் மறுநாள் உருளையில் கொடுத்து, ஷீட்டாக்கி, புகையில் போட முடியும்.

கரைக்கும்போது தண்ணீரில் அமிலத்தை விடுங்கள், அமிலத்தில் தண்ணீரை விடாதீர்கள். மாற்றிச் செய்தால் ஊற்றுகிற இடத்திலேயே சூடாகித் தெறிக்கும். அண்ணன் எப்படிச் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள், எனக்கு ஒரு சந்தேகம்.

ஃபார்மிக் என்ற பெயர் எறும்பிலிருந்து வந்தது, லத்தீனில் எறும்புக்கு ஃபார்மிகா. 1671-லேயே ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்பைக் காய்ச்சி வடித்து இதை எடுத்திருக்கிறார். மாமரத்தில் ஏறி முசுறு எறும்பிடம் கடி வாங்கியிருப்பீர்களே, அதே அமிலம்தான்.

கேள்வி (பெகு, அரிசி வியாபாரி மகன்): மோல் என்பது எடையா, எண்ணிக்கையா? 6.02-க்குப் பக்கத்தில் 10-இன் அடுக்கு 23 என்று பார்த்தாலே பேனா நின்றுவிடுகிறது.

பதில்: எண்ணிக்கை. டஜன் மாதிரி, ஜோடி மாதிரி. ரொம்பப் பெரிய டஜன், அவ்வளவுதான். ஆனால் எடை ஏன் உள்ளே நுழைகிறது என்பதை உங்கள் கடையில் நின்றே சொல்லலாம்.

ஒரு பி, அதாவது நம் படி மாதிரி ஒரு அளவு, அரிசியில் எத்தனை அரிசி இருக்கும்? எண்ணி உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு அரிசி ஏறக்குறைய 0.02 கிராம். கூடைக்கு 75 ராத்தல், பதினாறு பி ஒரு கூடை, ஆகவே ஒரு பி இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். வகுத்தால் ஒரு லட்சம் அரிசி சொச்சம். எண்ணாமலேயே எண்ணிவிட்டோம், எடை போட்டு! வேதியியலில் செய்வதும் இதுவேதான். அணு ஒன்றின் எடை ஒப்பீட்டில் தெரியும், தராசில் கிராமில் நிறுக்கிறோம், எத்தனை அணு என்று சொல்லிவிடுகிறோம். தண்ணீர் 18 கிராம் எடுத்தால் ஒரு மோல். அலுமினியம் 27 கிராம், தங்கம் 197 கிராம். மூன்றிலும் எண்ணிக்கை ஒன்றே, ஒவ்வொன்றின் கனம்தான் வேறு.

கூடை நெல் 46 ராத்தல், கூடை அரிசி 75 ராத்தல் என்பது மாதிரியா என்று கேட்கத் தோன்றும். பாதி சரி. கூடை கொள்ளளவு, இரண்டிலும் மணிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. மோலில் எண்ணிக்கைதான் நிலையானது. தேர்வில் கூடை உதாரணத்தை எழுதி வைக்காதீர்கள், நான் சொன்னேன் என்றும் சொல்லாதீர்கள்.

அந்த எண் எவ்வளவு பெரியது என்று பார்க்க ஆசையா? ஒரு மோல் அரிசி வேண்டுமானால், உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் விளைகிற இன்றைய கணக்கில், இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு மோல் தண்ணீர் மூலக்கூறோ ஒரு மடக்குக்குக்கூடக் காணாது. அணு எத்தனை சின்னது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

2019-லிருந்து அந்த எண்ணை 6.02214076, பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு என்று துல்லியமாக நிர்ணயித்துவிட்டார்கள். அவகாட்ரோ எண் என்று பெயர், ஆனால் அவகாட்ரோவுக்கு இந்த எண் தெரியவே தெரியாது. அவர் 1856-இல் இறந்தார், பெர்ரின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1909-இல் அவர் பெயரை இதற்குச் சூட்டினார்.

கேள்வி (ரங்கூன்): ‘எச்2ஓ’-வில் 2 உள்ளே இருக்கிறது, ‘2 எச்2ஓ’-வில் முன்னாலும் இருக்கிறது. சமன்பாடு சமன் செய்யும்போது எதை மாற்றலாம்?

பதில்: முன்னால் இருப்பதை மட்டும். முன்னால் உள்ளது எத்தனை மூலக்கூறு என்ற கணக்கு. உள்ளே இருப்பதில் கை வைத்தால் பொருளே மாறிவிடும். எச்2ஓ தண்ணீர், ஓவுக்கும் ஒரு 2 போட்டால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, காயத்தில் ஊற்றினால் நுரைக்கிறதே அது.

கேள்வி (ஐராவதிக் கரையிலிருந்து ஒரு தாய்): ஆற்றுத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் தெளிகிறது. தெளிந்ததைக் குடிக்கலாமா? மகன் அறிவியல் செய்முறைக்கு இதையே எழுதப் போகிறான்.

பதில்: கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் அம்மா. படிகாரம் சேற்றைத் தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. மேலே ரப்பர் பால் கதை சொன்னேனே, கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும். களிமண் துகள்களுக்கு எதிர்மின்சுமை, படிகாரத்தில் உள்ள அலுமினிய அயனிக்கு நேர்மின்சுமை. சுமை தீர்ந்ததும் துகள்கள் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் உட்காரும். பர்மியர்கள் படிகாரத்தைச் சௌச்சின், புளிக்கிற கல் என்கிறார்கள். நாக்கில் வைத்தால் புளிக்கும், தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கும் உப்பு அது. உப்பு என்றாலே நடுநிலை என்று எழுதிவைக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல உதாரணம், மகனைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பாட்டிமார் இதே வேலைக்குத் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரசினார்கள், செய்முறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மதிப்பெண் கூடக் கிடைக்கலாம்.

கேள்வி (மோல்மீன்): மிளகாயும் காரம், சுண்ணாம்பும் காரம். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை, தமிழ் நம்மைச் சிக்கவைக்கிற இடம் இது. வேதியியல் காரம் வடமொழி க்ஷாரம். மிளகாயின் உறைப்பு கேப்சைசின் என்ற வேறொரு சேர்மத்தால், அதற்கும் சுண்ணாம்புக்கும் எந்த உறவும் இல்லை. சமையலறையில் ‘உறைப்பு’ என்றும் ஆய்வகத்தில் ‘காரம்’ என்றும் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி (ரங்கூன், ஒரு பாட்டி): பேரன் பி.எச். என்று ஏதோ படிக்கிறான். அதைக் காட்ட ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறான். வீட்டில் முடியாதா?

பதில்: நீங்கள் அறுபது வருடமாகக் காட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள் பாட்டி! ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்ததும் ரத்தச் சிவப்பாகிறதே, அதுதான் நிறங்காட்டி. மஞ்சளில் உள்ள குர்குமின் அமிலத்திலும் நல்ல தண்ணீரிலும் மஞ்சளாக இருக்கும், காரத்தில் சிவக்கும். பி.எச். என்பது ஹைட்ரஜன் அயனியின் அளவைச் சொல்கிற எண், 1909-இல் கோபன்ஹேகனில் பியர் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன் கொண்டுவந்தது. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு, இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு. பேரன் தவறவிடுவது அநேகமாக இந்த மடங்குக் கணக்காகத்தான் இருக்கும், அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் 12-ஐத் தாண்டும்.

உங்கள் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு நாலு நாள் திறந்து கிடந்தால் மேலே வெள்ளையாக ஏடு கட்டிக் கெட்டிப்படும். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி அது மறுபடி கிளிஞ்சலாக, அதாவது கால்சியம் கார்பனேட்டாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஏட்டை எடுத்து மஞ்சளில் கரைத்துப் பாருங்கள், புதுச் சுண்ணாம்பு மாதிரி சிவக்காது. பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். சிவந்த தட்டில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிவிடும், அதையும் காட்டலாம், ஆனால் கல்யாண வீட்டு ஆரத்தியில் வேண்டாம், சம்பந்தி வீட்டார் சகுனம் பார்ப்பார்கள்.